மல்லிகைப் பூ என்ன நவுன்?

மயிலாப்பூர் வடக்கு மாட வீதி. மாலை ஆறு மணி. கோவிலுக்குப் போகிறவர்கள், காய்கறி வாங்குகிறவர்கள், ஆட்டோக்கள், சைக்கிள்கள் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல்.

அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு பூக்கடை. பெரிய கடை அல்ல. ஒரு பலகை, இரண்டு கூடை, ஒரு விளக்கு. அவ்வளவுதான். அம்மா பூக் கட்டிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள். கண்களை இறுக மூடிக்கொண்டு பாடம் ஒப்பித்துக்கொண்டு இருந்தாள்.

"நவுன் ஐந்து வகைப்படும். பிராப்பர் நவுன், காமன் நவுன், கலெக்டிவ் நவுன், மெட்டீரியல் நவுன், அப்ஸ்ட்ராக்ட் நவுன்..."

ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை. மூச்சு விடாமல் சொன்னாள். ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை.

பூ வாங்க நின்ற நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"மல்லிகைப் பூ என்ன நவுன், பாப்பா?" என்று கேட்டேன்.

சிறுமி விழித்தாள். கூடையைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். "அது புத்தகத்திலே இல்லையே சார்!" என்றாள்.

அம்மா தலை நிமிரவில்லை. "எங்களுக்கு என்ன சார் தெரியும்? இங்கிலீஷ் படிச்சவங்க வீட்டுப் பிள்ளைன்னா அம்மா சொல்லிக் கொடுப்பாங்க. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்" என்றார்.

அந்த ஒரு சொல் என்னை உறுத்திவிட்டது. இந்தக் கட்டுரை அதனால்தான் பிறந்தது.

அந்த அம்மாவுக்குத் தெரியும் என்பதே என் கட்சி. பெயர்ச்சொல்லின் வகை எல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை!

எண்ணுவதா? அளப்பதா?

நான் அவரிடம் கேட்டேன். "வாழைப்பழம் எப்படி வாங்குவீங்க?"

"எண்ணித்தான்."

"அரிசி?"

"எடை போட்டு."

"எண்ணெய்?"

"லிட்டர் கணக்கிலே."

"அரிசியையும் எண்ணியே வாங்கலாமே?"

அவர் சிரித்துவிட்டார். "அரிசியை யாராவது எண்ணுவாங்களா சார்? விடிஞ்சுடும்!"

வாசகர்களே, இந்தச் சிரிப்பில் ஆங்கில இலக்கணத்தின் பாதி இருக்கிறது.

ஆங்கிலத்தில், எண்ணி வாங்கும் பொருளுக்கு ஒரு சட்டம். அளந்து வாங்கும் பொருளுக்கு வேறு சட்டம். வாழைப்பழத்தை எண்ணலாம். ஆகவே ஒன்று என்றால் 'எ பனானா'. இரண்டு என்றால் கடைசியில் 'ஸ்' சேர்த்து 'டூ பனானாஸ்'. அரிசியை எண்ண முடியாது. ஆகவே 'எ ரைஸ்' என்றும் சொல்லக் கூடாது. 'டூ ரைசஸ்' என்றும் சொல்லக் கூடாது. 'டூ கிலோஸ் ஆஃப் ரைஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். கிலோவை எண்ணலாம், அரிசியை எண்ண முடியாது. எண்ணக்கூடிய கிலோவுக்குத்தான் 'ஸ்'.

தியாகராய நகர் நகைக் கடைக்கு வாருங்கள். தங்கத்தை எப்படிக் கொடுக்கிறார்கள்? கிராம் கணக்கில், பவுன் கணக்கில். வளையலை? எண்ணி. ஆகவே 'கோல்டு' மெட்டீரியல் நவுன். 'பேங்கிள்' காமன் நவுன். வளையல் செய்யப்பட்டிருக்கும் பொருள் தங்கம். செய்து முடித்த சாமான் வளையல்.

கடைக்குப் போய் வருகிற எந்தத் தாய்க்கு இது தெரியாது?

பெயரும் பெயரும்

இனி, 'பிராப்பர் நவுன்' என்பது என்ன? ஒருவருக்கு, ஒன்றுக்கு என்று வைத்த சொந்தப் பெயர். 'காமன் நவுன்' என்பது அந்த இனத்துக்கெல்லாம் பொதுவான பெயர்.

பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். "மல்லிகை ஒரு பூவின் பெயர்தானே? அப்படியானால் பிராப்பர் நவுன்" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்தப் பெயர் ஒன்றுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா?

கூடையில் இருக்கும் ஒவ்வொரு பூவும் மல்லிகைதான். மதுரையில் பூப்பதும் மல்லிகைதான். ஆகவே மல்லிகை பொதுப்பெயர், காமன் நவுன். ஆனால் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு மல்லிகா என்று பெயர் வைத்தால் அது சொந்தப் பெயர், பிராப்பர் நவுன். கூடையில் இருக்கும் வரை பொதுப்பெயர். தொட்டிலில் இட்டால் சிறப்புப் பெயர்!

நம் ஊரைச் சுற்றி வந்தாலே இந்தப் பாடம் முடிந்துவிடும்.

மயில் என்பது பொதுப்பெயர். அம்பாள் மயில் உருவில் சிவனை வணங்கினாள் என்பது கபாலீசுவரர் கோவிலின் தல வரலாறு. அந்த மயில் ஊருக்குப் பெயராகி, மயிலாப்பூர் என்று சிறப்புப் பெயர் ஆகிவிட்டது.

பக்கத்தில் மந்தைவெளி. மந்தை என்பது மாடுகளின் கூட்டத்துக்குப் பெயர். வெளி என்பது திறந்த இடம். இரண்டும் பொதுச் சொற்கள். சேர்ந்து ஒரு பேட்டையின் சொந்தப் பெயர் ஆகிவிட்டன.

லஸ் முனையில் தினமும் பஸ்சுக்கு நிற்கிறோமே, 'லஸ்' என்றால் என்ன? போர்ச்சுக்கீசிய மொழியில் 'ஒளி' என்று பொருள். போர்ச்சுக்கீசியர்கள் அங்கே கட்டிய மாதா கோவிலுக்கு 'ஒளியின் மாதா' என்று பெயர். நாம் பிரகாச மாதா என்கிறோம். எங்கோ ஒரு நாட்டின் பொதுச் சொல், இங்கே நம் முனையின் சொந்தப் பெயராக நிற்கிறது.

தியாகராய நகரோ, முழுக்க முழுக்க மனிதர்களின் பெயரால் ஆன ஊர். 1920-களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி அது. நீதிக் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயர் பெயரை ஊருக்கு வைத்தார்கள். 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த பனகல் அரசரின் பெயரைப் பூங்காவுக்கு வைத்தார்கள். பாண்டி பஜாரில் இருக்கும் பாண்டி, சவுந்தர பாண்டியனார் என்ற தலைவரின் பெயர்.

பூங்கா என்றால் காமன் நவுன். பனகல் பூங்கா என்றால் பிராப்பர் நவுன். தெரு என்றால் காமன். ரங்கநாதன் தெரு என்றால் பிராப்பர். இதில் என்ன கஷ்டம்?

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. ஆங்கிலத்தில் உண்டு. சிறப்புப் பெயர் எங்கே வந்தாலும் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுத வேண்டும். 'கேப்பிட்டல் போடவில்லை' என்று பிள்ளைகள் மார்க்கை இழப்பது இதனால்தான்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். அடையாறு என்பது ஊரின் பெயர். ஆற்றின் பெயரும் அதுவே. "நான் அடையாற்றில் குடியிருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது வெறும் 'அடையார்' போதும். ஆற்றைச் சொல்லும்போது முன்னால் 'தி' சேர்த்து 'தி அடையார்' என்று சொல்ல வேண்டும். ஆற்றின் பெயருக்கு 'தி' போடுவது ஆங்கில வழக்கம். அந்த 'தி'யை விட்டால் நீங்கள் கரையில் குடியிருக்கிறீர்கள். தவறிச் சேர்த்துவிட்டால் தண்ணீருக்குள் குடியிருக்கிறீர்கள்!

கூட்டம் வந்தது

'கலெக்டிவ் நவுன்' என்பது பலர் அல்லது பல பொருள்கள் சேர்ந்த தொகுதிக்கு ஒரு பெயர்.

பங்குனி மாதம் மயிலாப்பூரில் அறுபத்து மூவர் விழா. மாட வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. அப்போது நாம் எப்படிப் பேசுகிறோம்?

"மக்கள் வந்தார்கள்" என்கிறோம். ஆனால் "கூட்டம் வந்தது" என்கிறோம். "கூட்டம் வந்தார்கள்" என்று சொல்வது இல்லை. வந்தவர்கள் என்னவோ அதே ஜனங்கள்தான்! கூட்டம் என்று ஒரே சொல்லில் கட்டிவிட்டால், அது ஒன்றாகிவிடுகிறது. உதிரிப் பூவைச் சரமாகக் கட்டிய மாதிரி.

ஆங்கிலத்திலும் அப்படியே. 'பீப்பிள்' என்றால் பன்மை. 'கிரவுட்' என்றால் பெரும்பாலும் ஒருமை. தமிழ்க் குழந்தைக்கு இது நாக்கிலேயே இருக்கிறது. சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை, நினைவூட்டினால் போதும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். 'போலீஸ்' என்ற சொல் ஆங்கிலத்தில் எப்போதும் பன்மை. 'தி போலீஸ் ஆர் கமிங்' என்றுதான் சொல்ல வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பெயர்

'அப்ஸ்ட்ராக்ட் நவுன்' என்ற பெயரைக் கேட்டாலே பிள்ளைகளுக்குப் பயம். பயப்பட ஒன்றும் இல்லை. கையால் தொட முடியாததற்கும் ஒரு பெயர் உண்டு அல்லவா? அதுதான்.

அழகு, கோபம், நேர்மை, பசி. இவற்றைத் தொட முடியுமா? கூடையில் போட முடியுமா? முடியாது. ஆனால் இருக்கின்றன.

தமிழில் இதற்கு 'மை' என்று ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. நேர்மை, பெருமை, இனிமை, வெண்மை. ஆங்கிலத்தில் அதே வேலையை 'நெஸ்' என்ற ஒட்டுச் சொல் செய்கிறது. 'ஸ்வீட்' என்றால் இனிய. 'ஸ்வீட்நெஸ்' என்றால் இனிமை. 'ஒயிட்' என்றால் வெள்ளை; 'ஒயிட்நெஸ்' என்றால் வெண்மை. எல்லா அப்ஸ்ட்ராக்ட் நவுனும் இப்படி வராது. ஆனாலும் 'மை'யைத் தெரிந்த பிள்ளைக்கு 'நெஸ்' அந்நியமாக இருக்காது.

நன்னூல் சொல்லும் ஆறு

இங்கே ஒரு கேள்வி எழும். பெயர்ச்சொல் உண்மையில் எத்தனை வகை?

இந்தியப் பள்ளிகளில் ஒரு காலத்தில் பெயர் பெற்று விளங்கிய நெஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயரின் இலக்கணப் புத்தகம் ஐந்து என்றது. நம் பிள்ளைகள் ஒப்பிப்பது அந்த ஐந்தைத்தான். வேறு சில புத்தகங்கள் நான்கு என்கின்றன. எண்ணக்கூடியது, எண்ண முடியாதது என்று இரண்டாகவே பிரிப்பவர்களும் உண்டு.

நம் பவணந்தி முனிவர் 13-ம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல் ஆறு என்கிறது. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில்.

அந்தப் பூக்கடையிலேயே ஆறும் இருக்கின்றன. பூ என்பது பொருள். வீதி என்பது இடம். அந்தி என்பது காலம். இதழ் என்பது பூவின் உறுப்பு, அதுதான் சினை. வெண்மை என்பது குணம். கட்டுதல் என்பது தொழில்.

ஐந்தா, ஆறா? எது சரி? இரண்டும் சரி!

ஒவ்வொரு மொழியும் தன் தேவைக்குத் தக்கபடி பெயரைப் பிரித்துக்கொள்கிறது. தமிழுக்கு முதலில் தேவைப்படுவது திணை. யார் என்று கேட்பதா, எது என்று கேட்பதா என்று தெரிய வேண்டும். "அம்மா வந்தார்", "மாடு வந்தது" என்று வினைச்சொல்லின் வால் மாறுகிறது. ஆங்கிலத்தில் அம்மாவுக்கும் 'கேம்'தான், மாட்டுக்கும் 'கேம்'தான். அங்கே அந்தக் கவலை இல்லை. அங்கே உள்ள கவலை வேறு. எண்ணலாமா, எண்ணக் கூடாதா? 'எ' போடலாமா, 'தி' போடலாமா? 'ஸ்' சேருமா, சேராதா?

ஆகவே வகை என்பது மனப்பாடம் செய்வதற்கான மந்திரம் அல்ல. அது ஒரு கருவி. சுத்தியலின் பெயரை நூறு தடவை சொன்னால் ஆணி இறங்காது. எடுத்து அடிக்க வேண்டும்!

பிள்ளை மக்கு அல்ல

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் ஒரு தவறு பிரசித்தமானது. 'டென் ரூபீஸ்' என்று சொல்லாமல் 'டென் ருபீ' என்பார்கள். 'ஃபைவ் ஆப்பிள்' என்பார்கள். 'ஸ்' விழுங்கப்பட்டுவிடும்.

"எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லையே, மக்கு!" என்று குட்டு விழும்.

குட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். தமிழில் நாம் எப்படிப் பேசுகிறோம்? "நாலு மாடு வந்தது." "பத்து ரூபாய் கொடு." "அஞ்சு தேங்காய் வாங்கு." மாடுகள், ரூபாய்கள், தேங்காய்கள் என்றா சொல்கிறோம்? இல்லையே! முன்னால் எண் வந்துவிட்டால், பின்னால் 'கள்' இல்லாமலே பன்மை புரிந்துவிடுகிறது.

இதற்கு நம் இலக்கணத்தில் பெயரே உண்டு. பால்பகா அஃறிணைப் பெயர் என்பார்கள். ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ஒரே சொல் வருவது என்று அர்த்தம். தொல்காப்பியக் காலம் தொட்டே அஃறிணைப் பெயருக்குக் 'கள்' சேர்ப்பது கட்டாயம் அல்ல.

ஆகவே 'டென் ருபீ' என்று சொல்லும் பிள்ளை இலக்கணம் தெரியாத பிள்ளை அல்ல. தமிழ் இலக்கணப்படி ஆங்கிலம் பேசும் பிள்ளை! "தமிழில் எண் இருந்தால் போதும், ஆங்கிலத்தில் எண்ணும் வேண்டும், ஸ்ஸும் வேண்டும்" என்று ஒரு தடவை காரணத்தோடு சொல்லிவிட்டால் அவன் புரிந்துகொள்வான். குட்டினால் புரியாது. வீக்கம்தான் மிஞ்சும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 'ஃபர்னிச்சர்ஸ்', 'லக்கேஜஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்' என்று சேர்க்கக் கூடாத இடத்தில் 'ஸ்' சேர்ப்பது. பட்டம் வாங்கியவர்கள்கூட இதில் வழுக்கி விழுகிறார்கள். நானும் கல்லூரியில் படிக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதி, சிவப்பு மையால் சுழி வாங்கியவன்தான். நவுன் ஐந்து வகை என்பது அப்போதும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். என்ன பிரயோசனம்?

எண்ணுவதா, அளப்பதா என்ற கேள்வி இந்தச் சொற்களில் மட்டும் காலை வாரிவிடும். நாற்காலியை எண்ணலாம், மேஜையை எண்ணலாம். ஆனால் இரண்டுக்கும் பொதுவான 'ஃபர்னிச்சர்' என்ற சொல்லை ஆங்கிலேயர் எண்ணுவது இல்லை. பெட்டியை எண்ணலாம், 'லக்கேஜ்' எண்ணப்படாது. 'ஹோம்வொர்க்' எண்ணப்படாது. 'நியூஸ்' என்பதின் கடைசியில் 'ஸ்' இருந்தாலும் அது ஒருமைதான்.

மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும் என்றால், இந்தச் சிறிய பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள். அதில் பயன் உண்டு.

கடற்கரையில் நிற்கும் சாட்சி

"ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டும். தமிழைக் கலந்தால் கெட்டுவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். பிள்ளையின் காதில் தமிழே விழக் கூடாது என்று பெற்றோர்களுக்கு யோசனை சொல்கிறவர்களும் உண்டு. இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் பிள்ளையோடு பேசவே கூச்சப்படும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வாதத்துக்குப் பதில் நம் மெரினாவில் சிலையாக நிற்கிறது.

1968-ம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதையொட்டிக் கடற்கரையில் தமிழ்ச் சான்றோர்களுக்குச் சிலை வைத்தார்கள். அவர்களில் ஒருவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்தவர். பெஸ்கி என்பது அவருடைய குடும்பப் பெயர். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து, தமிழைக் கரைத்துக் குடித்து, தேம்பாவணி என்ற காவியமே பாடியவர்.

தம்மைப் போல் இங்கே வரும் பாதிரிமார்கள் தமிழ் கற்க வேண்டும் என்று அவர் இலக்கணம் எழுதினார். எந்த மொழியில் எழுதினார் தெரியுமா? லத்தீனில்! அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த மொழி அது. தெரிந்ததைக் கொண்டு தெரியாததைச் சொல்லிக் கொடுத்தார்.

அவருக்குத் துணையாக அதே கடற்கரையில் ஜி.யு.போப்பும் நிற்கிறார். திருக்குறளை 1886-லும் திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். அவரும் ஆங்கிலேயர்களுக்குத் தமிழ் கற்பிக்க ஆங்கிலத்திலேதான் பாடப் புத்தகம் எழுதினார்.

வெள்ளைக்காரர்கள் தங்கள் மொழி வழியாகத் தமிழ் கற்றார்கள். அதனால் அவர்கள் தமிழ் கெட்டுவிடவில்லை. நம் பிள்ளைகள் நம் மொழி வழியாக ஆங்கிலம் கற்றால் மட்டும் கெட்டுவிடுமா?

சொற்கள்கூட அப்படித்தான் போய் வருகின்றன. நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரன்' ஆயிற்று. நம் மிளகுத் தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆயிற்று. போன இடத்தில் இரண்டும் அந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கின்றன. கட்டுமரத்தை எண்ணலாம், ஆகவே 'கேட்டமரன்ஸ்' என்று 'ஸ்' சேர்த்துக்கொண்டது. மிளகுத் தண்ணீரைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் 'ஸ்' சேர்த்துக்கொள்வது இல்லை!

சிலர் கேட்கும் கேள்வி

"இலக்கணமே எதற்கு? பேசப் பேசத் தானாக வந்துவிடும்" என்பது சிலர் வாதம். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் பேசுகிற குழந்தைக்கு வந்துவிடும். பூக்கடைக்காரர் மகளுக்கு எப்படி வரும்? காதில் விழாத மொழியைக் காரணம் சொல்லித்தான் கற்றுக் கொடுக்க வேண்டும்.

"பரீட்சையில் கேட்கிறார்களே, ஒப்பிக்காமல் முடியுமா?" என்பது இன்னொரு வாதம். ஐந்து பெயரையும் தெரிந்துகொள்ளட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஐந்து நிமிட வேலை. ஆனால் பரீட்சையில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, 'இதில் உள்ள நவுன் என்ன வகை?' என்று கேட்டால், ஒப்பித்த பிள்ளை அந்தப் பூக்கடைச் சிறுமி விழித்த மாதிரிதான் விழிக்கும்.

1968 ஜனவரியிலேதான் தமிழ்நாடு, தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையை ஏற்றது. அன்று முதல் ஆங்கிலம் இங்கே பணக்கார வீட்டுப் பாடம் அல்ல. குடிசையில் இருந்து வரும் பிள்ளைக்கும் அதுவே பாடம். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறக்கும்போது, தாயும் தகப்பனும் "எங்களுக்கு என்ன தெரியும்?" என்று எழுந்து போய்விட்டால், அங்கே இழப்பது மார்க் மட்டும் அல்ல. பெற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் பிள்ளை மனதில் விழுந்துவிடுகிறது. அது எந்தப் பரீட்சையிலும் ஈடு செய்ய முடியாத இழப்பு.

ஆகவே தாய்மார்களே, எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். நான்கே கேள்விகள். தமிழிலேயே கேளுங்கள்.

இந்தப் பெயர் ஒன்றுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா? எண்ணுவதா, அளப்பதா? தனியா, கூட்டமா? தொட முடியுமா, முடியாதா?

பதில் சொல்வது பிள்ளையின் வேலை. கேட்பது உங்கள் வேலை. ஆசிரியர்களுக்கும் இதுவே என் வேண்டுகோள். ஒப்பிக்கச் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள்.

கையில் இருக்கும் பாடம்

கடைசியாக ஒன்று. ஒரே சொல் எப்போதும் ஒரே வகையில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 'கிளாஸ்' என்றால் கண்ணாடி. அது மெட்டீரியல் நவுன். 'எ கிளாஸ்' என்றால் தண்ணீர் குடிக்கும் கண்ணாடி டம்ளர். அது காமன் நவுன். 'பேப்பர்' என்றால் காகிதம். 'எ பேப்பர்' என்றால் இதோ, நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்களே, இந்தப் பத்திரிகை! சொல்லின் வகை சொல்லில் மட்டும் இல்லை. வாக்கியத்தில் அது செய்யும் வேலையில் இருக்கிறது.

அன்று அந்தப் பூக்கடையில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

"ஏண்டி, இந்த நூல் எண்ணுறதா, அளக்கிறதா?"

"அளக்கிறதும்மா!"

"அப்போ இந்தக் கூடை?"

"எண்ணுறது!"

"வாசனை?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு சிறுமியின் குரல்: "அதைத் தொடவே முடியாதேம்மா!"

கடைக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். பை நிறையச் சாமானும் வரும். தலை நிறைய இலக்கணமும் வரும்.